துருக்கியில் குடியேறும் பிரிட்டிஷ்காரர்களுக்கு: மருத்துவச் செலவு, காப்பீடு, அரசுப் பலன்கள் – முழுமையான வழிகாட்டி

ஃபெத்தியே, திதிம், அலன்யா, குஷாதாசி போன்ற துருக்கிக் கடற்கரை ஊர்களில் குடியேறும் பிரிட்டிஷ்காரர்கள் மருத்துவ விஷயத்தில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் வரிசை தவறுவதால்தான். முதலில் வீடு, அடுத்து இருப்பு அனுமதி, அந்த அனுமதிக்காகக் கையில் கிடைத்த மலிவான பாலிசி, நோய் வந்தபின் அரசுக் காப்பீடு என்று போகிறார்கள். நோய் வந்தபின் போனால் அந்தக் கடைசிக் கதவு பாதி சாத்தியிருக்கும். ஏன் என்பது 6ஆம் பகுதியில் இருக்கிறது. அவசரமாக இருப்பவர்கள் அதையாவது முழுதாகப் படித்துவிடுங்கள்.

ஓய்வு பெற்றோ, ஓய்வை நெருங்கியோ குடியேறுபவர்களை மனதில் வைத்து எழுதியது இது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களுக்கும் இதே விதிகள்தான். தொகைகள் வேறு குறிப்பு இல்லாத இடங்களில் 2025 நிலவரம்.

1. எந்தக் கதவு உங்களுடையது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

துருக்கியில் மருத்துவப் பாதுகாப்புக்கு நான்கு வழிகள்.

வேலை அனுமதியோடு சம்பளத்துக்கு இருப்பவரை முதலாளியே எஸ்ஜிகே என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் பதிவு செய்ய வேண்டும். துருக்கிக் குடிமகனையோ குடிமகளையோ மணந்தவர், அந்தத் துணை காப்பீடு பெற்றவராக இருந்தால், அவரைச் சார்ந்தவராகச் சேரலாம். தனிப் பிரீமியம் கிடையாது. இந்த இரண்டும் இல்லாதவருக்கு, ஓராண்டு தொடர்ந்து சட்டப்படி குடியிருந்தபின், பிரீமியம் கட்டி அரசின் பொது மருத்துவக் காப்பீட்டில் தாமாகச் சேரும் வழி உண்டு. நான்காவது, தனியார் காப்பீடு.

ஓய்வு பெற்ற பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவது மூன்றாவதும் நான்காவதும்தான். முதலில் தனியார், ஓராண்டுக்குப் பின் அரசு, அதன் மேல் ஒரு துணைப் பாலிசி என்ற வரிசையில் போக வேண்டும்.

ஐந்தாவதாக ஒரு கதவு இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள்: பிரிட்டனே செலவைப் பார்த்துக்கொள்ளும் என்று. ஸ்பெயினிலோ சைப்ரஸிலோ குடியேறிய நண்பரின் அனுபவத்தைக் கேட்டு வரும் குழப்பம் இது. அங்கே பென்ஷன்காரர்களுக்கு உதவும் எஸ்1 படிவம் துருக்கியில் செல்லாது. வெளிநாட்டுப் பயணத்தில் சிகிச்சைக்குக் காட்டும் ஜிஹெச்ஐசி அட்டையும் செல்லாது. துருக்கி ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை; பிரிட்டனுக்கும் துருக்கிக்கும் உள்ள சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் பென்ஷன் போன்றவற்றைத் தொடுகிறதே தவிர, ஆஸ்பத்திரி பில்லை யாரும் கட்டுவதில்லை.

2. பிரிட்டனை விட்டுக் கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

அங்கே போனபின் தபாலில் வரவழைத்துக்கொள்ளலாம் என்று விடும் காகிதங்கள்தான் பிறகு ஆறு மாதம் இழுத்தடிக்கும்.

ஜிபி எனப்படும் உங்கள் குடும்ப மருத்துவரிடம் முழு மருத்துவப் பதிவையும், ஒரு பக்கச் சுருக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். எந்த நோய் எந்தத் தேதியில் கண்டறியப்பட்டது என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். துருக்கியில் சேரும்போது உங்களுக்கு எந்த நோய் ஏற்கெனவே இருந்தது, எது இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

மருந்துகளின் பட்டியலை மூலப்பொருள் பெயரில் எழுதி வாங்குங்கள். பிரிட்டனில் பழகிய கம்பெனிப் பெயர் துருக்கி மருந்துக்கடையில் பெரும்பாலும் கிடைக்காது. மூலப்பொருள் பெயரும் மில்லிகிராம் அளவும் இருந்தால் இணையான மருந்தைக் கடைக்காரரே எடுத்துத் தருவார். தூக்க மாத்திரை, வலுவான வலிநிவாரணி, மனநல மருந்து ஆகியவற்றில் பலவற்றுக்குத் துருக்கியில் பச்சை அல்லது சிவப்புச் சீட்டு என்ற கட்டுப்பாட்டுச் சீட்டு வேண்டும். அவற்றுக்கு மட்டும் மருத்துவரின் கடிதம் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

திருமணச் சான்றிதழ், தேவைப்பட்டால் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகத்தின் அப்போஸ்டில் என்ற உறுதிப்படுத்தும் முத்திரையைக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். துருக்கி அலுவலகங்கள் முத்திரை இல்லாத வெளிநாட்டுச் சான்றிதழைத் திருப்பி அனுப்பிவிடும். மொழிபெயர்ப்பை மட்டும் துருக்கியில் செய்யுங்கள்: உறுதிமொழி பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்து நோட்டரி ஒப்பமிட்டதைத்தான் அங்கே ஏற்பார்கள். லண்டனில் காசு கொடுத்துச் செய்த துருக்கி மொழிபெயர்ப்பு பல நேரம் வீண்.

ஓய்வூதிய முன்கணிப்பையும் நேஷனல் இன்சூரன்ஸ் பதிவையும் அரசு இணையதளத்திலிருந்து இறக்கி வையுங்கள். அடுத்த இரண்டு பகுதிகளுக்கும் அடிப்படை அதுதான்.

3. எந்தப் பலன் கூட வரும், எது விமான நிலையத்தோடு நின்றுவிடும்

அரசு ஓய்வூதியம் வரும். அதுவும் ஆண்டுதோறும் ஏப்ரல் உயர்வோடு வரும். இது சாதாரண விஷயம் இல்லை: அதே பென்ஷனை வாங்கிக்கொண்டு சென்னையிலோ கொழும்பிலோ கனடாவிலோ போய் உட்கார்ந்தால், முதல் மாதத் தொகையிலேயே அது உறைந்துவிடும். துருக்கியோடு ஒப்பந்தம் இருப்பதால் உறைவதில்லை.

தொழிற்சாலை விபத்துக்கான ஊனப் பலன் எந்த நாட்டிலும் கிடைக்கும். நோயால் வேலை செய்ய முடியாதவருக்கான, பங்களிப்பு அடிப்படையிலான ஈஎஸ்ஏ உதவி, துணையை இழந்தோருக்கான உதவி போன்றவற்றை வாங்கிக்கொண்டிருப்பவர், ஒப்பந்தத்தின் கீழ் தம் விஷயம் எப்படி என்று பலன்களைக் கவனிக்கும் பிரிட்டிஷ் அரசுத் துறையான டிடபிள்யூபி-யிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வந்தபின் டிக்கெட் எடுப்பது நல்லது. தொலைபேசியில் யாரோ சொன்னது பின்னால் பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது உதவாது.

வராதவை இவை: வருமானம் குறைந்த ஓய்வூதியர்களுக்கான பென்ஷன் கிரெடிட், உழைக்கும் வயதினருக்கான யூனிவர்சல் கிரெடிட், வீட்டு வாடகை உதவி, குளிர்கால எரிபொருள் உதவி, ஊனமுற்றோருக்கான பிஐபி, கவனிப்பு தேவைப்படும் முதியவர்களுக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ், பராமரிப்பாளர் உதவி. குடியேறிவிட்டால் இவை நிற்கும். பிஐபி-யும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸும் தற்காலிகப் பயணத்தில் 13 வாரம் வரை தொடரும். சிகிச்சைக்காகவே போயிருந்தால் 26 வாரம். பென்ஷன் கிரெடிட்டுக்கு வழக்கமான வரம்பு 4 வாரம்தான்.

இங்கே நடக்கும் தவறு ஒன்று: 'ஒரு குளிர்காலம் இருந்து பார்ப்போம்' என்று போய், திரும்பாமல், யாருக்கும் சொல்லாமல் இருந்துவிடுவது. துருக்கியில் இருப்பு அனுமதி வாங்கிய தேதியே குடியேறியதற்கு ஆதாரமாகிவிடும். கூடுதலாக வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும், தண்டனையும் வரலாம். கிளம்பும் தேதியை முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

கணக்குப் போடும்போது ஊனப் பலன் வாங்குபவர்கள் தனியாக யோசிக்க வேண்டும். துருக்கியில் வாடகையும் காய்கறியும் மலிவு என்று கூட்டிப் பார்ப்பவர்கள், நிற்கப்போகும் பிஐபி-யைக் கழிக்க மறந்துவிடுகிறார்கள். பட்ஜெட்டில் விழும் ஓட்டைகளில் பெரியது பல நேரம் அதுதான்.

4. ஓய்வூதியம்: விண்ணப்பமும் உயிர்வாழ் சான்றிதழும்

முழு புதிய அரசு ஓய்வூதியம் 2025-26இல் வாரத்துக்கு 230.25 பவுண்டு. அதற்கு 35 ஆண்டுப் பதிவு வேண்டும். ஏதாவது கிடைக்கவே குறைந்தது 10 ஆண்டு. ஓய்வூதிய வயது 66; 2026 ஏப்ரலிலிருந்து 2028க்குள் படிப்படியாக 67 ஆகிறது. பிறந்த தேதியை வைத்து உங்கள் சரியான நாளைப் பாருங்கள். சில மாத வித்தியாசம்கூட, பென்ஷன் வரும்வரை சேமிப்பில் கைவைக்கும் காலத்தை நீட்டிவிடும்.

முதலில் விடுபட்ட ஆண்டுகளை நிரப்புவது லாபமா என்று பாருங்கள். மூன்றாம் வகுப்புத் தாமாகச் செலுத்தும் பங்களிப்பு 2025-26இல் வாரத்துக்கு 17.75 பவுண்டு, ஆண்டுக்கு 923 பவுண்டு. அது சேர்க்கும் பென்ஷன் வாரத்துக்கு ஏறக்குறைய 6.58 பவுண்டு, ஆண்டுக்கு 342. மூன்று ஆண்டுக்குள் போட்டது திரும்பிவிடும். துருக்கியில் பென்ஷன் உறையாது என்பதால் கணக்கு இன்னும் சாதகம். வெளிநாட்டிலிருந்து கட்டுவதற்குப் படிவம் சிஎஃப்83. வாரத்துக்கு 3.50 பவுண்டுக்குக் கட்டிவந்த இரண்டாம் வகுப்பு வழி, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு 2026 ஏப்ரல் 6 முதல் கிடையாது; பழைய கட்டுரைகளைப் படித்து அதை நம்பி இருக்க வேண்டாம்.

விண்ணப்பம் பிரிட்டனின் சர்வதேச ஓய்வூதிய மையத்துக்கு. ஓய்வூதிய வயதுக்கு நான்கு மாதம் முன்பிருந்து கோரலாம். பணம் 4 வாரத்துக்கு ஒருமுறையோ 13 வாரத்துக்கு ஒருமுறையோ வரும். 4 வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். துருக்கிக் கணக்குக்கு நேரே அனுப்பச் சொல்லலாம். ஆனால் லீரா மதிப்பு இறங்கிக்கொண்டே வருவதால், பிரிட்டிஷ் கணக்கில் பவுண்டாக வாங்கித் தேவைக்கு மாற்றிக்கொள்வதே பெரும்பாலோருக்கு நல்லது.

இடையிடையே உயிர்வாழ் சான்றிதழ் தபாலில் வரும். சாட்சி ஒருவர் முன் கையொப்பமிட்டு, அவரும் ஒப்பமிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். சாட்சி உறவினராக இருக்கக் கூடாது. படிவம் திரும்பாவிட்டால் பென்ஷன் நிறுத்தப்படும். கோளாறு நேர்வது பெரும்பாலும் முகவரியில்தான்: புதிதாகக் கட்டிய வளாகங்களில் தெரு எண் ஒன்று, பிளாக் எண் ஒன்று, வாயிற்காவலர் பெயர் தெரியாமல் தபாலைத் திருப்பிவிடுவார். முகவரியில் வளாகத்தின் பெயர், பிளாக், கதவு எண் மூன்றும் இருக்கும்படி மையத்துக்கு எழுதிவிடுங்கள். வீடு மாறினால் அதே வாரத்தில் தெரிவியுங்கள்.

5. இகாமெத்தும் அதற்கான பாலிசியும்

பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு 180 நாளில் 90 நாள் விசா இல்லாமல் தங்கலாம். அதற்கு மேல் இருக்க இகாமெத் என்ற இருப்பு அனுமதி வேண்டும். இணையத்தில் விண்ணப்பித்து, மாகாணக் குடிபெயர்வு அலுவலகத்தில் நேரில் காகிதங்களைக் கொடுக்க வேண்டும்.

வீட்டு ஒப்பந்தத்தில் கையொப்பம் போடும் முன் அந்த வட்டாரம் வெளிநாட்டவர் பதிவுக்குத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 2022 ஜூலை 1 முதல் 1,169 வட்டாரங்களில் புதிய வெளிநாட்டவர் பதிவு நிறுத்தப்பட்டது. இகாமெத் இல்லையென்றால் ஓராண்டுக் கணக்கும் ஓடாது, அரசுக் காப்பீடும் இல்லை. வெளிநாட்டவருக்கான 157 என்ற அரசுத் தொலைபேசி எண்ணில் ஆங்கிலத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

அனுமதி முழுக் காலத்துக்கும் மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். பாலிசியில் '06/06/2014 தேதியிட்ட 9ஆம் எண் சுற்றறிக்கையின் குறைந்தபட்சப் பாதுகாப்பு' என்ற வாசகம் துருக்கி மொழியில் அச்சாகியிருக்க வேண்டும். அது இல்லாத பிரிட்டிஷ் பயணக் காப்பீடு எத்தனை லட்சம் பவுண்டுக்கு இருந்தாலும் செல்லாது.

அந்தச் சுற்றறிக்கை கேட்ட குறைந்தபட்சம் எவ்வளவு தெரியுமா? வெளிநோயாளிச் சிகிச்சைக்கு ஆண்டுக்கு 2,000 லீரா, அதிலும் 40 சதவீதம் உங்கள் கை. உள்நோயாளிச் சிகிச்சைக்கு 20,000 லீரா. 2014இல் அது ஏதோ ஒரு தொகை. பணவீக்கத்துக்குப் பின் ஒரு சிறு அறுவைச் சிகிச்சைக்குக் காணாது. 'இகாமெத் பாலிசி' என்று முகவர்கள் விற்கும் மலிவான காகிதத்தை அனுமதிக்கான முத்திரைத்தாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள், நோய்க்கான பணமாக எண்ண வேண்டாம்.

பாலிசி எண்ணை எஸ்பிஎம் என்ற காப்பீட்டுத் தகவல் மையத்தின் தளத்தில் சரிபாருங்கள். போலிப் பாலிசி விற்ற முகவர் காணாமல் போவார். அனுமதி ரத்தாவது உங்களுக்கு.

65 வயது கடந்தவருக்கு இந்தப் பாலிசிக் கட்டாயம் இல்லை. இதைக் கேட்டுச் சந்தோஷப்படுபவர்களைத்தான் எச்சரிக்க வேண்டும். கேட்கவில்லை என்பதால் பாலிசி எடுக்காமல் இருந்து, 68 வயதில் எடுக்கப் போனால், தனியார் நிறுவனங்கள் பல புதிதாகச் சேர்க்கவே சேர்க்காது. சேர்த்தாலும் இருக்கும் நோய்கள் எல்லாம் விலக்கு. 65க்கு முன் குடியேறுபவர் உண்மையான தனியார் பாலிசி ஒன்றை அந்த வயதுக்குள் எடுத்து, இடைவெளி விடாமல் புதுப்பித்து, ஆயுள்வரை புதுப்பிக்கும் உறுதியை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். ஒரு வருடம் விட்டுப்போனாலும் மறுபடி முதலிலிருந்து.

அனுமதி அட்டை கைக்கு வந்ததும் 20 வேலை நாளுக்குள் மக்கள்தொகைப் பதிவு அலுவலகத்தில் முகவரியைப் பதியுங்கள். 99 என்று தொடங்கும் 11 இலக்க எண் உங்கள் அடையாள எண். எஸ்ஜிகே, ஆஸ்பத்திரி, மருந்துக்கடை மூன்றும் இதைத்தான் கேட்கும். அடுத்து, பிடிடி தபால் நிலையத்தில், எ-தெவ்லெத் என்ற அரசு இணையச் சேவைத் தளத்துக்கான கடவுச்சொல் வாங்குங்கள். குறுஞ்செய்தி வரத் துருக்கி எண் வேண்டும். வெளிநாட்டில் வாங்கிய கைபேசியைப் பதிவு செய்யாவிட்டால் 120 நாளில் துருக்கி சிம் அதில் வேலை செய்யாது. ஆகவே அங்கேயே ஒரு சாதாரணப் போன் வாங்கிக்கொள்வது மலிவு.

6. எஸ்ஜிகே-யில் சேர்வது: எப்போது, எவ்வளவு, எது கிடைக்காது

பொது மருத்துவக் காப்பீட்டில், வெளிநாட்டவர் ஓராண்டு தொடர்ந்து குடியிருந்தபின் தாமாகக் கேட்டுச் சேரலாம். சட்டம் 5510 எண்ணுள்ளது. சேர்வதற்கு நிபந்தனை: வேறு நாட்டுச் சட்டப்படி காப்பீடு பெற்றவராக இருக்கக் கூடாது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் துருக்கியில் உங்கள் செலவை ஏற்காது என்பதற்குக் கடிதம் கேட்கும் கிளைகள் உண்டு, கேட்காத கிளைகளும் உண்டு. ஊருக்கு ஊர் கவுன்ட்டர் வழக்கம் மாறுகிறது. கிளம்பும் முன் அத்தகைய கடிதம் ஒன்றை வாங்கி வைத்திருந்தால் இரண்டாம் முறை அலைய வேண்டாம். கூடவே இகாமெத் அட்டை, பாஸ்போர்ட், முகவரிப் பதிவுச் சான்று, துணையைச் சேர்ப்பதாக இருந்தால் மொழிபெயர்த்த திருமணச் சான்றிதழ்.

பிரீமியம் மொத்தக் குறைந்தபட்சச் சம்பளத்தில் 24 சதவீதம். 2025இல் அந்தச் சம்பளம் 26,005.50 லீரா, பிரீமியம் மாதம் 6,241.32 லீரா, ஆண்டுக்கு ஏறக்குறைய 74,900. தொகையை மனப்பாடம் செய்யாமல் சூத்திரத்தை நினைவில் வையுங்கள். 2023 ஜனவரியில் இதே பிரீமியம் 2,401.92 லீரா; இரண்டு ஆண்டில் 2.6 மடங்கு. சம்பளம் உயரும் ஒவ்வொரு ஜனவரியும், சில ஆண்டுகளில் ஜூலையிலும், இது தானாக ஏறும். லீராவில் சேமித்து வைத்துப் பல ஆண்டுப் பிரீமியம் கட்டலாம் என்ற திட்டம் இதனால்தான் நிற்பதில்லை.

ஒருவர் கட்டினால் போதும். துணையும் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் சார்ந்தவர்களாகச் சேர்வார்கள். இருவரும் தனித்தனியாகப் பதிந்து இரண்டு பிரீமியம் கட்டிக்கொண்டிருக்கும் தம்பதிகள் இருக்கிறார்கள். முதல் நாளே துணையை அதே விண்ணப்பத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்போது முக்கியமானது. அதே சட்டத்தின் 64ஆம் பிரிவு சொல்கிறது: வெளிநாட்டவருக்குக் காப்பீடு தொடங்கும் முன்பே இருந்த நாள்பட்ட நோய்களின் செலவை எஸ்ஜிகே ஏற்காது. சார்ந்தவராகச் சேரும் வெளிநாட்டவருக்கும் இது பொருந்தும். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா என்று ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்த நோயின் பேரில் வரும் பில்லை எஸ்ஜிகே கட்டாது. நாளை விழுந்து எலும்பு முறிந்தால், புதிதாகப் புற்றுநோய் வந்தால், அது சேரும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள். ஒன்று, ஓராண்டு நிறைந்த வாரத்திலேயே சேர்ந்துவிடுங்கள். 'இப்போது உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, மாதம் ஆறாயிரம் ஏன்' என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு ஆண்டும், பிறகு விலக்காகப் போகும் பட்டியல் நீள்கிறது. இரண்டு, இருக்கும் நோய்க்கு மாதம் எவ்வளவு ஆகும் என்பதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அது எப்போதும் உங்கள் கைச்செலவுதான். சில கவுன்ட்டர்களில் இந்தப் பிரிவைக் கவனிக்காமல் கடந்துபோகலாம். மாத்திரைக்கு நடந்தது பைபாஸ் அறுவைக்கும் நடக்கும் என்று நம்பித் திட்டம் போட வேண்டாம்.

சேர்ந்ததும் எல்லாம் திறக்காது. 30 நாள் பிரீமியமாவது பதிவாகியிருக்க வேண்டும். அவசரச் சிகிச்சை இந்த நிபந்தனைக்கு விலக்கு. அதுவரை தனியார் பாலிசியை விட்டுவிடாதீர்கள். இரண்டும் இரண்டு மாதம் சேர்ந்து ஓடட்டும். பிரீமியத்தை வங்கியில் தானியங்கிக் கட்டளை போட்டுக் கட்டுங்கள். பாக்கி இருந்தால் ஆஸ்பத்திரிக் கணினி உங்கள் எண்ணைப் போட்டதும் மறுத்துவிடும். அதை வரவேற்பு மேசையில் நின்றபடி தெரிந்துகொள்வது கொடுமை.

7. முதல் ஆண்டை எப்படிக் கடப்பது

இந்த 12 மாதம்தான் ஆபத்தான இடைவெளி. என்ஹெச்எஸ் போய்விட்டது, எஸ்ஜிகே வரவில்லை. காப்பீடு இல்லாத வெளிநாட்டவரிடம் அரசு ஆஸ்பத்திரியும் பணம் வாங்கும். தனியார் ஆஸ்பத்திரி சேர்க்கும் முன்பே முன்பணம் கேட்கும். பிரிட்டிஷ் தூதரகம் பில் கட்டாது, விமானத்தில் ஏற்றி அனுப்பும் செலவையும் தராது.

ஆகவே இந்த ஆண்டுக்கு எடுக்கும் பாலிசி இரண்டு வேலை செய்ய வேண்டும்: 9ஆம் எண் வாசகம், அதோடு உண்மையான உள்நோயாளித் தொகை. உள்நோயாளிப் பகுதி வரம்பில்லாததாகவோ பெரிய தொகையாகவோ இருக்கட்டும்; வெளிநோயாளிப் பகுதி சிறியதாக இருந்தால் பரவாயில்லை. டாக்டரைப் பார்க்கும் பணம் உங்களால் கட்டக்கூடியது, தீவிரச் சிகிச்சைப் பிரிவில் பத்து நாள் அப்படியல்ல. காத்திருப்புக் காலப் பட்டியலைத் துருக்கி மொழியிலேயே படித்துச் சொல்லச் சொல்லுங்கள்: குடலிறக்கம், மூட்டு, கண்புரை, பித்தப்பைக் கல் போன்றவை முதல் ஆண்டில் விலக்காக இருப்பது சகஜம்.

படிவத்தில் பழைய நோயை மறைக்காதீர்கள். கேட்ட தொகை பெரிதானால் நிறுவனம் பழைய பதிவுகளைக் கேட்கும். மறைத்தது தெரிந்தால் அந்த நோய்க்கு மட்டுமல்ல, முழுப் பாலிசிக்கும் ஆபத்து.

8. துணைப் பாலிசி: எஸ்ஜிகே-யின் மேல் ஒரு மாடி

எஸ்ஜிகே இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை ஏறக்குறைய இலவசம். பரிசோதனைக்கு ஒரு சிறு பங்கு, மருந்துக்கு 20 சதவீதம். ஒப்பந்தம் உள்ள தனியார் ஆஸ்பத்திரிக்கும் போகலாம். அங்கே அரசு விலையின் மேல் 200 சதவீதம் வரை கூடுதல் கட்டணம் வாங்க அனுமதி உண்டு.

தாமாம்லாயிஜி என்ற துணைப் பாலிசி அந்தக் கூடுதல் கட்டணத்தை ஏற்கிறது. எஸ்ஜிகே அடித்தளத்தின் மேல் நிற்பதால் முழுத் தனியார் பாலிசியைவிட நன்றாகக் குறைந்த விலை. ஆனால் அடித்தளம் ஆடினால் மாடியும் விழும்: எஸ்ஜிகே பாக்கி இருக்கும் மாதத்தில் இது வேலை செய்யாது. எஸ்ஜிகே ஏற்காத பழைய நோயையும் இது ஏற்காது. வாங்கும் முன் உங்கள் ஊரில் எந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறது என்று பாருங்கள். கடற்கரைச் சிற்றூரில் இருப்பவருக்கு இஸ்தான்புல் பெயர்களால் பயன் இல்லை.

துணைப் பாலிசி இல்லாதவரும் தெரிந்திருக்க வேண்டியது: அவசரச் சிகிச்சை, தீவிரச் சிகிச்சை, தீக்காயம், புற்றுநோய்ச் சிகிச்சை, டயாலிசிஸ், உறுப்பு மாற்று, இதய அறுவை ஆகியவற்றுக்கு ஒப்பந்த ஆஸ்பத்திரி எஸ்ஜிகே நோயாளியிடம் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது. பில்லில் இருந்தால் கேளுங்கள். பல நேரம் கேட்டவுடனே எடுத்துவிடுவார்கள்.

9. உடம்பு சரியில்லாத நாளில் வரிசை

உயிருக்கு ஆபத்து என்றால் 112. மற்றதற்கு முதலில் குடும்ப மருத்துவர். முகவரிப் பதிவை வைத்து உங்களுக்கு ஒருவர் ஒதுக்கப்பட்டிருப்பார், எ-தெவ்லெத்தில் பெயர் தெரியும். தொடர் மருந்துச் சீட்டுக்கு ஆஸ்பத்திரி வரிசையைவிட இது விரைவு. அரசு ஆஸ்பத்திரி நிபுணரைப் பார்க்க 182 என்ற தொலைபேசி எண் அல்லது எம்ஹெச்ஆர்எஸ் என்ற முன்பதிவுச் செயலி. முன்பதிவு இல்லாமல் போய் அவசரப் பிரிவில் உட்காருவது புதியவர்கள் செய்யும் வழக்கம். சளிக்கும் காதுவலிக்கும் அங்கே மணிக்கணக்கில் காத்திருக்க நேரும்.

தனியார் ஆஸ்பத்திரி வாசலில் முதல் கேள்வி, 'எஸ்ஜிகே ஒப்பந்தம் உண்டா, இந்தப் பிரிவுக்கு உண்டா' என்பது. ஆஸ்பத்திரிக்கு ஒப்பந்தம் இருந்தும் குறிப்பிட்ட டாக்டருக்கோ பிரிவுக்கோ இல்லாமல் இருக்கலாம். விலையை லீராவில், எழுத்தில் வாங்குங்கள். யூரோவிலோ பவுண்டிலோ சொன்னால் அது சுற்றுலாப் பயணிக்கான பட்டியல். குடியிருப்பவர் என்று இகாமெத் அட்டையைக் காட்டுங்கள்.

மருந்து விலையை அரசே நிர்ணயிக்கிறது. இறக்குமதி மருந்துகளுக்குச் சந்தை மதிப்பைவிடத் தாழ்ந்த யூரோ விகிதம் வைக்கிறது. அதனால் பல சாதாரண மாத்திரைகள் காப்பீடு இல்லாமலே கட்டுப்படியாகும். அதே காரணத்தால் சில இறக்குமதி மருந்துகள் அவ்வப்போது கடையில் கிடைக்காமல் போகும். கையிருப்பு ஒரு மாதத்துக்குக் குறையும்போதே வாங்கிவிடுங்கள். இரவில் எந்தக் கடை திறந்திருக்கும் என்பதை மூடிய கடைகளின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் முறைப்பட்டியல் சொல்லும்.

10. திரும்பிப் போகும்போது மூட வேண்டியவை

விடுமுறைக்கு லண்டன் போய் அப்படியே மூட்டு அறுவையும் செய்துகொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். என்ஹெச்எஸ் உரிமை குடியிருப்பைப் பொறுத்தது. எத்தனை ஆண்டு வரி கட்டினீர்கள் என்பதைப் பொறுத்ததல்ல. இங்கிலாந்தில் ஜிபி-யைப் பார்ப்பதும் அவசரப் பிரிவும் யாருக்கும் இலவசம். படுக்கையில் சேர்த்தால், துருக்கியில் குடியிருப்பவருக்குக் கட்டணம் அரசு விலையில் 150 சதவீதம். பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டு போங்கள்.

நிரந்தரமாகத் திரும்பினால் வந்திறங்கிய நாள் முதலே உரிமை உண்டு, ஆதாரம் காட்ட வேண்டும்: துருக்கி வீட்டு ஒப்பந்தம் முடிந்த காகிதம், சாமான் அனுப்பிய ரசீது, பிரிட்டனில் வாடகை ஒப்பந்தம். பலன்கள் அப்படி உடனே வராது. பென்ஷன் கிரெடிட்டுக்கும் யூனிவர்சல் கிரெடிட்டுக்கும் வழக்கமான குடியிருப்பு என்ற சோதனை உண்டு. அட்டெண்டன்ஸ் அலவன்ஸுக்கும் பிஐபி-க்கும் கடந்த 156 வாரத்தில் 104 வாரம் பிரிட்டனில் இருந்திருக்க வேண்டும். ஆயுள் முடியும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டும் இந்தக் கணக்கு இல்லை. நடக்க முடியாமல் போனபின் திரும்பலாம் என்று வைத்திருப்பவர்கள் இரண்டு ஆண்டுச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.

கிளம்பும் முன் எஸ்ஜிகே கிளைக்குப் போய்ப் பதிவை முடிப்பதற்கு விண்ணப்பித்து, பாக்கி இல்லை என்ற காகிதம் வாங்குங்கள். பணம் கட்டுவதை நிறுத்திவிட்டால் பதிவு தானாக முடியாது. பிரீமியம் மாதாமாதம் கடனாக ஏறும், தாமதக் கட்டணமும் சேரும், துருக்கியில் உள்ள வங்கிக் கணக்கின் மீது அது வந்து உட்காரும். தானியங்கிக் கட்டளையை அந்தக் காகிதம் கைக்கு வந்தபின்தான் நிறுத்த வேண்டும். இகாமெத் அட்டையைத் திருப்பிக் கொடுப்பது அதற்கும் அடுத்தது, ஏனென்றால் எஸ்ஜிகே கவுன்ட்டரில் கேட்கும் முதல் அட்டை அதுதான்.